படைவீரர் இழப்பீடா, விமானி மெடிக்கலா: எடைபோட வேண்டியது எது?

அமெரிக்க ராணுவத்திலிருந்து வெளியே வந்து விமானம் ஓட்டுகிறவர்களும், இனி ஓட்டப் போகிறவர்களும் ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி இது: படைவீரர் நலத் துறையான வி.ஏ.விடம் இயலாமை இழப்பீடு கேட்டால், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் துறையான எஃப்.ஏ.ஏ. தரும் மெடிக்கல், அதாவது மருத்துவத் தகுதிச் சான்று, போய்விடுமா? இழப்பீடு வாங்குவதால் மட்டும் மெடிக்கல் யாருக்கும் போவதில்லை. போவதற்குக் காரணம் இரண்டுதான். ஒன்று, விமானம் ஓட்டத் தகாத நோயோ மருந்தோ. மற்றொன்று, வி.ஏ.விடம் ஒன்றும் எஃப்.ஏ.ஏ.விடம் வேறொன்றும் எழுதி வைப்பது. முதலாவதுக்குப் பெரும்பாலும் வழி இருக்கிறது. இரண்டாவதில் மாட்டிக்கொண்டால் மெடிக்கலோடு பைலட் உரிமமும் போகும், வழக்கும் வரலாம்.

இரண்டு அலுவலகங்களும் கேட்பது வேறு வேறு. இந்தக் குறை பணியில் வந்ததா, வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று வி.ஏ. பார்க்கிறது. பார்த்துவிட்டு 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக ஒரு சதவீதம் போடுகிறது. எஃப்.ஏ.ஏ.வுக்கு அந்தச் சதவீதம் பெரிதல்ல. சான்று காலாவதியாகும் நாள்வரை இவர் காக்பிட்டில் திடீரென்று செயலிழந்துவிடுவாரா என்பதுதான் அதன் கவலை. அதனால் 70 சதவீதம் வாங்குகிற ஒருவர் முதல் வகுப்பு மெடிக்கலோடு ஏர்லைனில் ஓட்டலாம். வலிப்பு நோய் உறுதியாகி, முன்பு வலிப்பு வந்திருக்கிறது என்ற அளவில் வி.ஏ. தருவது 10 சதவீதம்தான். ஆனால் எஃப்.ஏ.ஏ.வின் 15 நேரடித் தகுதியிழப்பு நோய்களில் வலிப்பும் ஒன்று.

ஆக, எத்தனை சதவீதம் வரும் என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், முடிவுக் கடிதத்தில் எந்த நோயின் பெயர் அச்சாகப் போகிறது என்று பாருங்கள்.

படிவம் என்ன கேட்கிறது

மெடிக்கலுக்கான படிவம் 8500-8. மெட்எக்ஸ்பிரஸ் தளத்தில் நிரப்புவது. அதில் 18-ஆம் கேள்வி, உங்கள் வாழ்நாளில் எப்போதாவது இவை இருந்ததா என்று தொடங்கி எழுத்து எழுத்தாகப் பட்டியலிடும். ‘ஏ’ அடிக்கடி வரும் அல்லது கடுமையான தலைவலி, ‘எஃப்’ ஆஸ்துமா மற்றும் நுரையீரல் நோய், ‘எம்’ எந்த வகை மனநலக் குறையும், ‘ஆர்’ மருத்துவக் காரணத்தால் ராணுவத்திலிருந்து விடுவிப்பு, ‘எக்ஸ்’ மற்ற நோய், குறை, அறுவை சிகிச்சை. கடைசியில் ‘ஒய்’: மருத்துவ இயலாமைச் சலுகைகள். 17-ஆம் கேள்வி மருந்துகளைப் பற்றியது. 19-ஆம் கேள்வி கடந்த 3 ஆண்டுகளில் பார்த்த மருத்துவர்களைக் கேட்கிறது.

ஒரு தூக்க மூச்சுத்தடை இழப்பீடு இந்தப் படிவத்தில் மூன்று இடங்களைத் தொடும். நோய் ‘எக்ஸ்’ல், பணம் ‘ஒய்’ல், தூக்கத்தில் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவிக்காக வி.ஏ. கிளினிக் போனது 19-ல். ‘எக்ஸ்’லும் 19-லும் எழுதிவிட்டு ‘ஒய்’ஐ விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அது ஓய்வூதியம் மாதிரி வருகிற பணம்தானே, இயலாமை என்று எப்படிச் சொல்வது என்று நினைத்துவிடுகிறார்கள். 0 சதவீதம் என்று முடிவாகி மாதம் ஒரு டாலர்கூட வராவிட்டாலும் அந்த நோயின் பெயர் பதிவில் இருக்கிறது. அதையும் எழுதிவிடுவதே பாதுகாப்பு.

இரண்டு துறைகளும் பேசிக்கொள்வதில்லை என்பது எப்போதோ பழங்கதையாகிவிட்டது. 2002-ல் தொடங்கிய ‘ஆபரேஷன் சேஃப் பைலட்’ விசாரணையில், வடக்கு கலிஃபோர்னியாவின் சுமார் 45,000 விமானிகளின் விவரங்கள் சமூகப் பாதுகாப்புத் துறையின் இயலாமைப் பட்டியலோடு ஒப்பிடப்பட்டன. அதில் சிக்கியவர்களில் ஒருவர் தன் அந்தரங்கம் மீறப்பட்டது என்று வழக்குப் போட்டு, 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். மன வேதனைக்கு மட்டும் அந்தச் சட்டத்தின் கீழ் ஈடு கிடையாது என்று தீர்ப்பு. 2023-ல் வி.ஏ. பதிவுகளோடு நடந்த ஒப்பீடு வெளியே வந்தது. சுமார் 4,800 விமானிகள் விசாரணையில் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் கோப்புகளை எஃப்.ஏ.ஏ. அப்போதே முடித்துவிட்டது. பறப்பதை உடனே நிறுத்தச் சொன்னது சுமார் 60 பேரிடம்தான். நோய் அபாயமாக இருந்தவர்கள் சிலர்தான், காகிதம் ஒத்துப்போகாதவர்கள் ஆயிரக்கணக்கில் என்பதே அந்தக் கணக்கு சொல்வது.

பணத்தை உண்மையாகக் கணக்கிடுங்கள்

வி.ஏ.வின் கணக்கு நாம் பள்ளியில் படித்த கூட்டல் அல்ல. முதல் குறையைக் கழித்தபின் மிச்சமிருக்கும் உடல்நலத்தில் இரண்டாவது குறையின் சதவீதத்தை எடுப்பார்கள். இப்படியே போய், கடைசியில் அருகிலுள்ள பத்துக்குக் கொண்டுபோவார்கள். 5 என்று முடிந்தால் மேலே ஏறும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். சிபேப் தேவைப்படும் தூக்க மூச்சுத்தடை 50, முதுகு 20, காதிரைச்சல் 10. கூட்டினால் 80. வி.ஏ. கணக்கில் 50 போக மிச்சம் 50, அதில் 20 சதவீதம் 10, ஆக 60. மிச்சம் 40-ல் 10 சதவீதம் 4, ஆக 64. அருகிலுள்ள பத்து 60. 2024 டிசம்பர் 1 முதல் ஓராண்டு அமலில் இருந்த விகிதத்தில், துணைவரோ பிள்ளைகளோ சேராத தனி ஆளுக்கு இது மாதம் 1,395.93 டாலர், வரி கிடையாது.

இதோடு, போர் போன்ற கொடிய அனுபவத்துக்குப் பின் வரும் மன பாதிப்பான பி.டி.எஸ்.டி. 50 சதவீதம் சேருகிறது என்று வையுங்கள். 50-ம் 50-ம் 75. மிச்சம் 25-ல் 20 சதவீதம் 5, ஆக 80. மிச்சம் 20-ல் 10 சதவீதம் 2, ஆக 82. முடிவு 80 சதவீதம், 2,044.89 டாலர். கூடுதல் மாதம் 648.96 டாலர்.

அதே பி.டி.எஸ்.டி. 30 சதவீதமாக இருந்தால்? 50-ம் 30-ம் 65. அதோடு 20 சேர்ந்து 72. அதோடு 10 சேர்ந்து 75. மேலே ஏறி இதுவும் 80 சதவீதம். பணம் ஒரு சென்ட்கூட மாறவில்லை.

மாறுவது கடிதத்தில் வரும் வாசகம். 30 சதவீதத்துக்கான வி.ஏ. அளவுகோல், அவ்வப்போது வேலைத்திறன் குறைவது, தூக்கக் குறைவு, வாரம் ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ வரும் பதற்றத் தாக்கம் என்று போகும். 50 சதவீதத்தில் வாரம் ஒன்றுக்கு மேல் பதற்றத் தாக்கம், சிக்கலான கட்டளைகளைப் புரிந்துகொள்வதில் சிரமம், நினைவாற்றல் பாதிப்பு, தீர்மானிக்கும் திறனில் பாதிப்பு என்று இருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வரும் அனுமதியைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டிய ஒருவரின் கோப்பில் இந்த வரிகளைப் படிக்கிற எஃப்.ஏ.ஏ. மருத்துவர் என்ன நினைப்பார்? உங்களுக்கு உண்மையில் இருப்பது 30-ன் அறிகுறிகள்தான் என்றால், யாரோ சொன்னார்கள் என்று 50-க்கு மேல்முறையீடு செய்யாதீர்கள். இந்தக் கூட்டுக் கணக்கில் அதற்குப் பலனே இல்லை, விலை மட்டும் உண்டு. உண்மையில் இருப்பது 50-ன் அறிகுறிகள் என்றால் விஷயமே வேறு. அப்போது மெடிக்கல் இரண்டாம்பட்சம், சிகிச்சைதான் முதலில். வி.ஏ. பரிசோதனையில் இருப்பதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சதவீதம் போடுவது அவர்கள் வேலை.

எந்த நோய், எவ்வளவு பாரம்

காதிரைச்சல் அநேகமாகப் பாரமே இல்லை. தலைசுற்றல் கூட இருந்தால் மட்டும் கேள்வி வரும். செவித்திறன் குறைந்தவர்கூட, மருத்துவருக்கு முதுகைக் காட்டி 6 அடி தூரத்தில் நின்று சாதாரணப் பேச்சைக் கேட்டால் போதும். முழங்கால், முதுகு, தோள் வலிகளும் அப்படியே. மூட்டு அசைவல்ல, அதற்கு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதே அங்கே பிரச்சினை. ஓபியாய்டு வகை வலி மாத்திரை தினமும் எடுப்பவருக்கு மெடிக்கல் கிடைக்காது.

2022 ஆகஸ்ட் 10-ல் சட்டமான பாக்ட் சட்டத்தால், ஆப்கானிஸ்தானிலும் வளைகுடாவிலும் குப்பை எரிகுழிப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு மூக்கடைப்பு, சைனஸ், ஆஸ்துமா போன்றவை பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றுக்கு இழப்பீடு கேட்பதில் விமானிக்குப் பெரிய தடை இல்லை. மாத்திரையில் மட்டும் கவனம் வேண்டும். லோரடாடின், ஃபெக்ஸோஃபெனடின் பக்கவிளைவு இல்லாவிட்டால் சரி. செடிரிசின் தூக்கம் தருவது, அதை எடுத்துக்கொண்டு பறக்கக் கூடாது. வி.ஏ. மருந்தகம் செடிரிசின் எழுதித் தந்தால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள், 17-ல் அது ஏறுவதற்கு முன்.

தூக்க மூச்சுத்தடைக்கு 50 சதவீதமும் வரும், மெடிக்கலும் வரும். ஆனால் குறை இருந்தும் நிபந்தனைகளோடு எஃப்.ஏ.ஏ. தரும் சிறப்பு அனுமதி வழியாக. ஆண்டுதோறும் சிபேப் கருவியின் பதிவைக் கொடுக்க வேண்டும். தூங்கும் நேரங்களில் குறைந்தது 75 சதவீதம் கருவி ஓடியிருக்க வேண்டும், சராசரி 6 மணி நேரம். பயணத்தில் கருவியை வீட்டிலேயே விட்டுப் போகிறவர்கள் இந்த 75-ல்தான் தடுக்கி விழுகிறார்கள். வாங்கும்போதே சிறிய பயணக் கருவியைப் பற்றி வி.ஏ.வில் கேட்டுவிடலாம்.

ஒற்றைத் தலைவலியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். வி.ஏ.வில் 30 சதவீதம் வேண்டுமானால், ஆளைப் படுக்கையில் தள்ளும் தாக்கம் சராசரியாக மாதம் ஒன்று வர வேண்டும். மாதம் ஒருமுறை படுத்துவிடுகிறேன் என்று ஒரு கடிதம் சொல்ல, எனக்கு எப்போதாவதுதான் வரும், பறப்பதற்குத் தடையில்லை என்று இன்னொரு காகிதம் சொன்னால், இரண்டில் எது பொய் என்ற கேள்வி தானாக வரும். இது சட்டச் சிக்கலாகும் முன்பே உடல்நலச் சிக்கல் என்பதை மறக்கக் கூடாது. மாதம் ஒருமுறை ஆளை வீழ்த்தும் தலைவலி தரையிறங்கும் நேரத்திலும் வரலாம்.

மனநலம்தான் எடை அதிகம். பி.டி.எஸ்.டி., மன அழுத்தம், பதற்றம் எல்லாவற்றுக்கும் வி.ஏ. ஒரே அளவுகோலில் ஒரே சதவீதம் தரும். எஃப்.ஏ.ஏ. அவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஒரு சூழலுக்கு மனம் ஒத்துப்போகாமல் வந்து போன சிக்கலும் நீடித்த பி.டி.எஸ்.டி.யும் அங்கே வெவ்வேறு பாதைகள். 2024-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, எளிய வகைப் பதற்றம், சூழலால் வந்த மனச்சோர்வு போன்ற சிலவற்றில் நிபந்தனைகள் பொருந்தினால் விமானிகளைப் பரிசோதிக்க எஃப்.ஏ.ஏ. நியமித்த மருத்துவரான ஏ.எம்.இ.யே சான்று தரலாம். மற்றவை எஃப்.ஏ.ஏ.வுக்குப் போகும், மாதக்கணக்கில் கிடக்கும். உளவியல் பரிசோதனைச் செலவு உங்களுடையது, அது ஆயிரக்கணக்கான டாலரில் முடியும். மனநல மருந்துகளில், 2010 முதல் ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ரலின், சிடலோபிராம், எஸிடலோபிராம் ஆகிய நான்கும் சிறப்பு அனுமதியில் ஏற்கப்பட்டன. பிறகு பட்டியல் நீண்டிருக்கிறது. இதற்கெல்லாம் மனநலம், மது சார்ந்த சிக்கலுள்ள விமானிகளுக்கான ஹிம்ஸ் திட்டத்தில் பயிற்சி பெற்ற ஏ.எம்.இ. வேண்டும்.

வி.ஏ.வின் பரிசோதகர் உங்களைப் பெரும்பாலும் ஒரே ஒருமுறை, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு பெயரை எழுதுவார். அந்தப் பெயர் உங்கள் பறக்கும் வாழ்க்கை முழுவதும் கூடவே வரும். ஆகவே மனநலத்துக்கு விண்ணப்பிக்கும் முன்னால், உங்களைத் தொடர்ந்து பார்க்கிற ஒரு மனநல மருத்துவரிடம் முழுமையான மதிப்பீடு எடுத்து அந்தக் காகிதத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள். இது மறைப்பதற்கான வழி அல்ல. சரியான பெயர் விழுவதற்கான வழி. உள்ளே வேதனையோடு இருப்பவர் மெடிக்கலுக்குப் பயந்து மருத்துவரைத் தவிர்ப்பதுதான் இந்த விஷயத்திலேயே மிகக் கொடுமையானது. 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் எந்த நேரத்திலும் படைவீரர் நெருக்கடி உதவி கிடைக்கும்.

தேர்வுகளை அருகருகே வைத்தால்

விண்ணப்பிக்காமலே இருந்துவிடலாம் என்பது பலர் முதலில் எடுக்கும் முடிவு. இதில் லாபம் நினைப்பதைவிடக் குறைவு. 18-ஆம் கேள்வி நோயையே கேட்கிறது, பணத்தை மட்டுமல்ல. நோய் இருந்து, பணம் வாங்காமல், படிவத்திலும் எழுதாமல் இருந்தால் அது அப்போதும் பொய்தான். வாங்குகிற இழப்பீட்டை எழுதிக் கொடுத்துத் துறக்கவும் வி.ஏ. விதியில் இடமுண்டு. ஆனால் பணம் நிற்குமே தவிர, கண்டறியப்பட்ட நோய் வாழ்நாள் கேள்வியிலிருந்து நீங்காது. பணத்தையும் இழந்து பாரத்தையும் சுமப்பது அது.

எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்து, எல்லாவற்றையும் எஃப்.ஏ.ஏ.விடம் எழுதுவது ஏர்லைனுக்கும் வாடகை விமானத்துக்கும் போகிறவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது. தாமதம் வரலாம், செலவு வரலாம். ஆனால் பின்னால் யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். ஒரு விதிவிலக்கு, வேலைக்கே போக இயலாதவர் என்று 100 சதவீத விகிதத்தில் பணம் தரும் தனித் திட்டம். அதற்கு 21-8940 படிவத்தில் வேலை செய்ய இயலவில்லை என்று கையெழுத்திட வேண்டும். சம்பளத்துக்கு விமானம் ஓட்டிக்கொண்டே அதில் கையெழுத்திட முடியாது.

பொழுதுபோக்குக்காக மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு மூன்றாவது வழி பேசிக்மெட், அதாவது எஃப்.ஏ.ஏ. மெடிக்கலைப் புதுப்பிக்காமலே ஓட்ட விடும் ஏற்பாடு. 2006 ஜூலை 14-க்குப் பிறகு ஒருமுறையாவது செல்லுபடியான மெடிக்கல் வைத்திருந்திருக்க வேண்டும், கடைசியாகக் கேட்டது மறுக்கப்பட்டிருக்கக் கூடாது. அதன்பின் 48 மாதத்துக்கு ஒருமுறை சாதாரண மருத்துவரிடம் பரிசோதனை, 24 மாதத்துக்கு ஒருமுறை இணையப் பாடம். 2024 நவம்பர் முதல் 12,500 பவுண்டு வரை எடை, 6 பயணிகள், 18,000 அடி வரை, 250 நாட் வரை ஓட்டலாம். கூலிக்கு ஓட்ட முடியாது. மனப்பிளவு, இருமுனைக் கோளாறு, வலிப்பு, மாரடைப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் முதலில் ஒருமுறை சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். பி.டி.எஸ்.டி. அந்தப் பட்டியலில் இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புதிதாக இழப்பீடு கிடைத்தவர், கிடைக்கிறதா பார்ப்போம் என்று மூன்றாம் வகுப்பு மெடிக்கலுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டால், பேசிக்மெட் கதவும் மூடும், ஓட்டுநர் உரிமத்தை வைத்து ஓட்டும் ஸ்போர்ட் பைலட் கதவும் மூடும். எஃப்.ஏ.ஏ. கேட்ட காகிதத்தைக் காலத்தில் அனுப்பாததும் மறுப்பாகவே முடியும். ஆசைக்கு ஓட்டுகிறவர் பழைய மெடிக்கல் தானாகக் காலாவதியாகட்டும் என்று விட்டுவிட்டு பேசிக்மெட்டுக்குப் போவதே நல்லது.

எந்த வரிசையில் செய்வது

முதலில் வி.ஏ.விடம் 21-0966 படிவத்தில் விண்ணப்பிக்கும் எண்ணத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். அது விண்ணப்பம்கூட அல்ல. ஆனால் ஓராண்டுக்குள் உண்மையான விண்ணப்பம் போட்டால், பணம் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். அந்த ஓராண்டுதான் உங்கள் மூச்சு விடும் இடம். அதற்குள் ராணுவ மருத்துவப் பதிவுகளை வரவழையுங்கள். ஏ.எம்.இ.யிடம் நேரம் கேளுங்கள், பரிசோதனைக்கு அல்ல, ஆலோசனைக்கு. மெட்எக்ஸ்பிரஸ் உறுதி எண்ணைக் கையில் கொடுத்துப் பரிசோதனை தொடங்கிவிட்டால், முடிவு எதுவானாலும் அவர் எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுப்பியே ஆக வேண்டும். எண்ணைக் கொடுக்காமல் பேசுங்கள்.

மெடிக்கல் செல்லுபடியாக இருக்கும் இடைக்காலத்தில் இழப்பீடு முடிவானால் உடனே எஃப்.ஏ.ஏ.வுக்கு எழுத வேண்டும் என்ற பொது விதி இல்லை, அடுத்த படிவத்தில் எழுதினால் போதும். ஏற்கனவே சிறப்பு அனுமதியில் இருப்பவர்கள் மட்டும் தங்கள் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளைப் படித்துக்கொள்ள வேண்டும். ஆனால் எஃப்.ஏ.ஏ.வின் 61.53 விதி எல்லா நாளும் உங்கள்மேல் இருக்கிறது. தகுதியைக் கெடுக்கும் குறை இருக்கிறது என்று தெரிந்துகொண்டே பறக்கக் கூடாது. புதிய கடிதத்தில் தகுதியிழப்பு நோயின் பெயர் வந்தால், மெடிக்கலில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தாலும் சாவியைத் தொடும் முன் ஏ.எம்.இ.யைக் கேளுங்கள்.

முன்பு ‘ஒய்’ஐ விட்டுவிட்டவர்கள் காத்திருக்க வேண்டாம். பொய் எழுதியதற்கு மத்தியச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம் என்று இருக்கிறது. உரிமம் ரத்தானால் ஓராண்டுக்கு மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது. விமானச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் முதலில் பேசுங்கள், ஏ.எம்.இ.யிடம் அல்ல. ஏ.எம்.இ. எஃப்.ஏ.ஏ.வின் பிரதிநிதி. எஃப்.ஏ.ஏ.விடமிருந்து கடிதம் வருவதற்கு முன் நீங்களாகப் போய்த் திருத்துவதற்கும், கடிதம் வந்தபின் பதில் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

‘ஒய்’க்கு ஆம் என்று குறித்தபின் விளக்கப் பெட்டியில் நீளமாக எழுதத் தேவையில்லை. மேலே போட்ட கணக்கில் உள்ளவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: வி.ஏ. இழப்பீடு, மொத்தம் 60 சதவீதம். தூக்க மூச்சுத்தடை 50, சிபேப் பயன்பாட்டில். முதுகு 20, தினசரி மருந்து இல்லை. காதிரைச்சல் 10, தலைசுற்றல் இல்லை. சலுகைச் சுருக்கக் கடிதமும் முடிவுக் கடிதமும் இணைப்பு. நோயின் பெயர்களை வி.ஏ. கடிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல் இறக்குங்கள்.